சுற்றிவரக் கடல், குடிக்க எங்கே தண்ணீர்? இஸ்தான்புல்லின் நிலத்தடித் தாங்கி

திருகோணமலை நகரத்தில் எந்தச் சந்தியில் நின்றாலும் கொஞ்சத் தூரம் நடந்தால் கடல் வந்துவிடும். ஒரு பக்கம் டச்பே, இன்னொரு பக்கம் உள்துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு நிலம், அதன் நுனியில் கோட்டையும் கோணேசர் மலையும். இவ்வளவு தண்ணீர் சுற்றி நின்றும் ஒரு செம்பு அள்ளிக் குடிக்க முடியாது. நகரத்துக் குழாய்களில் வருவது ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குழாய் ஒருநாள் நின்றால்தான் அந்தத் தூரம் நமக்கு ஞாபகம் வரும்.

துருக்கியின் இஸ்தான்புல் நகரத்துக்கும் இதே தலையெழுத்துதான். அதன் பழைய பகுதி ஒரு தீபகற்பம். வடக்கே பொற்கொம்பு எனப்படும் நீண்ட கழி, கிழக்கே பொஸ்பரஸ் நீரிணை, தெற்கே மர்மராக் கடல். மூன்றும் உப்பு. கொன்ஸ்தாந்திநோபிள் என்ற பெயரில் அது கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகராக இருந்தபோது, மதிலுக்குள் ஓடியது லைகஸ் என்ற ஒரு சிற்றோடை மட்டும். இலட்சக்கணக்கான சனம் வாழ்ந்த நகரத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

அந்த நகரம் தாகத்தைச் சமாளிக்கக் கட்டிய தாங்கிகளில் ஒன்று இன்று உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வந்து வரிசையில் நின்று பார்க்கிற இடம். துருக்கியர் அதை யெரெபதான் சர்னிஜி என்கிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்களில் பசிலிக்கா சிஸ்டர்ன் என்று இருக்கும். முன்பு அதற்கு மேலே பசிலிக்கா என்ற பெரிய பொதுமண்டபம் இருந்ததால் வந்த பெயர். இங்கே பசிலிக்கா தாங்கி என்றே எழுதுகிறேன்.

படத்தில் பார்த்தால் கோவிலோ அரண்மனையோ என்று நினைக்கத் தோன்றும். மங்கலான வெளிச்சம், வரிசை வரிசையாகப் பளிங்குத் தூண்கள், காலடியில் அசையாத தண்ணீர், அதற்குள் தலைகீழாக இன்னொரு தூண்வரிசை. உண்மையில், நம் வீட்டுக் கூரைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிற கறுப்புத் தாங்கி என்ன வேலை செய்கிறதோ அதைத்தான் இதுவும் செய்தது. வேறு எந்த நோக்கமும் இல்லை. அதனால் முதலில் அந்த வேலையை விளங்கிக்கொள்வோம். வேடிக்கை பார்ப்பது அப்புறம்.

கிணறு வேறு, தாங்கி வேறு

நிலத்தடி நீர்த்தாங்கி என்றதும் பலரும் நிலத்தடி நீரோடு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு.

கிணறு என்பது மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிற தண்ணீரைப் போய்த் தொடுவது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பாருங்கள். ஏழு கிணறுகளும் ஆழமில்லாதவை. தண்ணீர் தானாக அடியிலிருந்து சூட்டோடு ஊறி வருகிறது. நாம் செய்ததெல்லாம் சுற்றிவரக் கட்டுக் கட்டியதுதான். எவ்வளவு அள்ளினாலும் ஊற்று திரும்ப நிரப்பும்.

தாங்கியில் ஊற்றுக் கிடையாது. அதன் சுவரும் தரையும் ஒரு சொட்டுகூட உள்ளே வராமலும் வெளியே போகாமலும் அடைத்துப் பூசப்பட்டவை. வெளியிலிருந்து வாய்க்காலில் கொண்டுவந்து விட்டால்தான் உள்ளே தண்ணீர். விட்டதற்கு மேல் ஒரு குடம்கூட எடுக்க முடியாது. நிலத்துக்குள்ளே புதைந்திருப்பது மட்டும்தான் அதற்கும் கிணற்றுக்கும் உள்ள ஒற்றுமை.

சரி, தண்ணீர் வேறெங்கிருந்தோ வாய்க்காலில் வருகிறது என்றால், அதை அப்படியே குடித்துவிட்டுப் போகலாமே, இடையில் தாங்கி எதற்கு? திருகோணமலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். நமக்கு மழை ஐப்பசியில் பிடித்துத் தைவரை. வாடை ஓய்ந்து, பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் மண் வெடிக்கும். தண்ணீர் வேண்டிய மாதத்தில் மழை இல்லை. மழை பெய்கிற மாதத்தில் தண்ணீர் வேண்டியதில்லை. கடலோர மணல் நிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நன்னீர் என்பது மண்ணுக்குள் புகுந்திருக்கிற உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்துகொண்டிருப்பது. கோடையில் மோட்டர் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் மேலே இருக்கிற நன்னீர் குறைந்து கீழே இருக்கிற உப்பு ஏறும். கிணறு உவர்க்கும். பிறகு அடுத்த மாரிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

கொன்ஸ்தாந்திநோபிளில் மாதங்கள் வேறு, கதை ஒன்று. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. ஆறாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இந்தத் தாங்கியைப் பற்றிச் சொல்லும்போது காரணத்தை நேராகவே சொல்கிறார்: மற்றக் காலங்களில் தண்ணீர் மிஞ்சியது, கோடையில் தட்டுப்பாடு வந்தது, மிஞ்சியதைப் பிடித்து வைக்கவே பேரரசர் இதைத் தோண்டுவித்தார். ஆக, தாங்கி தண்ணீரை உண்டாக்குவதில்லை. ஒரு பருவத்துத் தண்ணீரை இன்னொரு பருவத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. குளத்தின் வேலையும் இதுதான். கந்தளாய்க் குளத்தைக் கட்டியது குளக்கோட்டன் என்கிறது நம் மரபு. அநுராதபுர மன்னன் இரண்டாம் அக்போ என்கிறது மகாவம்சம். யார் கட்டியிருந்தாலும் கணக்கு இதுதான்.

தாங்கிக்கு இரண்டாவது காரணம் பகைவர். தண்ணீர் 20, 30 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வாய்க்காலில் வருகிறது என்றால், நகரத்தைப் பிடிக்க மதிலை உடைக்க வேண்டியதில்லை. வாய்க்காலை உடைத்தால் போதும். 626இல் அவார் படை நகரத்தை முற்றுகையிட்டபோது அதைத்தான் செய்தது. வாலன்ஸ் என்ற பேரரசரின் பெயரில் இருந்த பெரிய நீர்ப்பாதை அறுந்தது. அறுந்தது அறுந்ததுதான், 140 ஆண்டுகள் அப்படியே கிடந்து, 766இல் ஒரு வறட்சி கழுத்தைப் பிடித்த பிறகுதான் பேரரசர் ஐந்தாம் கொன்ஸ்தந்தைன் அதைச் செப்பனிட்டார். நடுவே நகரம் சாகவில்லை. சின்ன நீர்ப்பாதைகளும், நகரத்துக்குள் இருந்த நூற்றுக்கணக்கான தாங்கிகளும் அதைக் காப்பாற்றின.

ஏன் மண்ணுக்குள்?

கந்தளாயைப் போலத் திறந்த குளமாக வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியும் வெட்டினார்கள். ஏடியஸ், அஸ்பர், மோகியஸ் என்ற பெயர்களில் நகரத்தின் புறப்பகுதியில் மூன்று பெரிய திறந்த தாங்கிகள் இருந்தன. ஆனால் அரண்மனையும் பெரிய தேவாலயமும் நீதிமன்றங்களும் நெருக்கிக்கொண்டு நிற்கிற நகர நடுவில் குளத்துக்கு இடம் ஏது? பசிலிக்கா மண்டபத்தில் வழக்கறிஞர்கள் கூடுவார்கள், புத்தகம் விற்பார்கள். அந்த நடமாட்டம் எதுவும் குலையாமல் அதற்கு அடியிலேயே தண்ணீரை வைத்தார்கள். ஒரே காணியை இரண்டு தடவை பயன்படுத்திய மாதிரி.

இடம் தவிர வேறு இலாபங்களும் உண்டு. வெயில் படாது, ஆவியாகப் போகாது. நம் உலர்வலயக் குளங்கள் கோடையில் வயலுக்குக் கொடுப்பது ஒரு பங்கு என்றால் வானத்துக்குக் கொடுப்பதும் சின்னப் பங்கல்ல. இருட்டில் பாசி வளராது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். செத்த பறவை, சருகு, புழுதி விழாது. அப்புறம், பெரிய தாங்கியில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் கூட வந்த மண் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்தது கிடைக்கும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட வேண்டாம். அந்தப் படிந்த மண் இந்தக் கதையில் பின்னால் திரும்ப வருகிறது.

நட்டம் ஒன்றே ஒன்று, செலவு. குளத்துக்கு ஒரு பக்கம் கட்டுப் போட்டால் போதும், மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும். தாங்கிக்குத் தோண்ட வேண்டும், நாலு சுவர், தரை, கூரை எல்லாம் வேண்டும். அதனால் வயலுக்கு நீர் பாய்ச்ச எவரும் நிலத்தடித் தாங்கி கட்டுவதில்லை. பசிலிக்கா தாங்கியின் கொள்ளளவு ஏறத்தாழ 80,000 கன மீற்றர் என்பார்கள், அதாவது 8 கோடி லீற்றர். சீனக்குடாவில் நிற்கிற பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். அதில் ஆறேழு சேர்ந்தால் இந்த ஒன்று. ஆனால் கந்தளாய்க் குளத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அன்றைய நகரத்தின் சனத்தொகையை 5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். குளிக்க, தோய்க்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 லீற்றர் கொடுத்தால் 8 கோடி லீற்றர் இரண்டு நாளுக்குக் கூடக் காணாது. குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லீற்றர் என்றால் ஐம்பது நாளைத் தாண்டும். ஒரே தாங்கி நகரம் முழுவதையும் காப்பாற்றியது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது மிகைப்படுத்தல். இது முக்கியமாக அரண்மனைக்கும் சுற்றியிருந்த கட்டடங்களுக்கும் தண்ணீர் கொடுத்தது. மற்ற இடங்களுக்கு மற்றத் தாங்கிகள்.

எப்படி நிற்கிறது?

எனக்கு இந்தத் தாங்கியில் மிகவும் பிடித்த பகுதி இது, பொறுமையாகச் சொல்கிறேன்.

532 சனவரியில் கொன்ஸ்தாந்திநோபிளில் பெரிய கலகம் வெடித்தது. நிகா கலகம் என்பார்கள். நகர நடுவில் பாதி எரிந்து போனது. கலகத்தை இரத்தத்தில் அடக்கிய பேரரசர் முதலாம் ஜஸ்டினியன் எல்லாவற்றையும் திரும்பக் கட்டத் தொடங்கினார். ஹாகியா சோபியா தேவாலயமும் இந்தத் தாங்கியும் அந்தக் கட்டட வேலையில் எழுந்தவைதான். தாங்கி நீளத்தில் சுமார் 138 மீற்றர், அகலத்தில் சுமார் 65 மீற்றர். பரப்பில் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தைவிடப் பெரிது.

இவ்வளவு பெரிய குழிக்குக் கூரை போட இன்று கொங்கிறீட்டும் கம்பியும் இருக்கின்றன. அன்று இருந்தது செங்கல். செங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு: மேலிருந்து அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். அதனால் செங்கல்லைத் தட்டையாகப் பரப்பிக் கூரையாக்க முடியாது. வில்லாக வளைத்துக் கட்ட வேண்டும். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்கும். பாரம் கல்லுக்குக் கல் இறங்கி வளைவின் கால்மாட்டுக்கு வந்து சேரும். அங்கே ஒரு தூணை நிறுத்தினால் முடிந்தது. ஆனால் செங்கல் வளைவை அதிக அகலத்துக்கு இழுக்க முடியாது என்பதால் தூண்கள் நெருக்கமாக வர வேண்டும். ஏறத்தாழ 5 மீற்றருக்கு ஒரு தூண், ஒவ்வொன்றும் 9 மீற்றர் உயரம், 28 தூண் கொண்ட வரிசைகள் 12. பெருக்கிப் பாருங்கள், 336. அந்தக் காடு மாதிரித் தூண்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. கூரை கேட்ட எண்ணிக்கை அது.

வளைவு கீழே மட்டும் அமுக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். நடுவில் இருக்கிற தூணுக்கு நாலு பக்கமும் வளைவுகள் இருப்பதால் ஒன்றின் தள்ளலை எதிரே இருப்பது சமன்படுத்திவிடும். ஓரத்தில்? அங்கே சுவர் தாங்க வேண்டும். சுவரின் தடிப்பு ஏறத்தாழ 4 மீற்றர். அதற்கு வெளியே மண். இங்கேதான் நிலத்துக்குள் கட்டுவதன் நுட்பம் தெரிகிறது.

தண்ணீர் ஒரு மீற்றர் ஆழமாகும்போது அடியில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு தொன் அழுத்தம் கூடும். எட்டு மீற்றர் ஆழத்தில் எட்டுத் தொன். அந்த அழுத்தம் கீழே மட்டுமல்ல, அதே அளவுக்குச் சுவரையும் வெளியே தள்ளும். கட்டி வைத்த தண்ணீர் என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர் போனது. நிலத்துக்கு மேலே நிற்கிற தாங்கியின் சுவர் இந்தத் தள்ளலைத் தனியே நின்று சமாளிக்க வேண்டும். மண்ணுக்குள் இருந்தால் வெளியே இருக்கிற மண் திரும்பத் தள்ளி உதவும். தாங்கி காலியாக இருக்கும்போது மண் சுவரை உள்ளே தள்ளும். ஆகவே நிலத்தடித் தாங்கியின் சுவர் இரண்டு பக்கத்து அடிக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

கரையோரத்தில் வீட்டுக்கு நிலத்தடித் தாங்கி கட்ட யோசிப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மாரியில் நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும் மணல் நிலத்தில், காலியாகக் கிடக்கிற தாங்கியை மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் கீழிருந்து மேலே தூக்கும். தாங்கி இலேசானதாக இருந்தால் அசைந்து வெடிக்கும், பிளாஸ்ரிக் தாங்கி என்றால் மண்ணை விட்டே கிளம்பி வரும். கழுவுவதற்காக முழுவதும் காலி செய்வதானால் கோடையில் செய்யுங்கள்.

அடுத்தது கசிவு. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டுத்தான் இறுகும். ஈரத்தில் சரியாக இறுகாது. அதில் நன்றாக இடித்த செங்கல் தூளைக் கலந்தால் தூளும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று சேர்ந்து ஈரத்திலேயே இறுகித் தண்ணீர் புகாத பூச்சாகிவிடும். சீமெந்து வருவதற்கு முன் நம் பக்கத்திலும் சுர்க்கி என்ற பெயரில் இதே கலவை பழக்கத்தில் இருந்தது. பசிலிக்கா தாங்கியின் சுவரிலும் தரையிலும் பூசியது இதைத்தான்.

தண்ணீர் வந்தது நகரத்துக்கு வடக்கே, சுமார் 19 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிற பெல்கிராட் காட்டுப் பக்கத்திலிருந்து. மோட்டர் கிடையாது. வாய்க்கால் முழுத் தூரமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். பள்ளம் வந்தால் பாலம் கட்டி அதன் மேல் வாய்க்காலைக் கொண்டுபோக வேண்டும். அப்படி நகரத்துக்குள் கட்டியவற்றில் வாலன்ஸ் பாலம் 900 மீற்றருக்கு மேல் நீளமானது. இன்றைக்கும் அதன் வளைவுகளுக்குக் கீழே வாகனங்கள் ஓடுகின்றன.

யாருக்கும் தெரியாமல் போன தாங்கி

1453இல் நகரம் ஓட்டோமன் துருக்கியர் கைக்கு வந்தது. தாங்கித் தண்ணீரைக் கொஞ்சக் காலம் தொப்காப்பி அரண்மனைத் தோட்டங்களுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் தேங்கிய நீரைவிட ஓடும் நீரை விரும்பியவர்கள். தாங்கிகளின் மதிப்புப் போய்விட்டது. மேலே வீடுகள் வந்தன. அடியில் என்ன இருக்கிறது என்பதே மறந்து போனது.

மறந்து போனது என்றால் தண்ணீர் எடுக்காமல் விட்டார்கள் என்று பொருளல்ல. 1540களில் பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர், பழைய நகரத்தின் சின்னங்களைத் தேடி அங்கே வந்தார். சில வீடுகளில் ஆட்கள் நிலவறைத் தரையில் இருக்கிற துளைவழியே வாளி விட்டுத் தண்ணீர் அள்ளுவதையும், மீனும் பிடிப்பதையும் கண்டார். தினமும் அள்ளுகிறவர்களுக்குத் தாங்கள் அள்ளுவது சாதாரணக் கிணறு என்றுதான் எண்ணம். கடைசியில் கீழே இறங்க வழியுள்ள ஒரு வீடு அவருக்கு அகப்பட்டது. வீட்டுக்காரர் தீவட்டி கொளுத்தி, சின்னத் தோணியில் அவரை ஏற்றித் தூண்களுக்கு ஊடாகக் கொண்டுபோனார். போகிற வழியில் அந்த வெளிச்சத்துக்கு வந்த மீன்களை வீட்டுக்காரர் குத்திப் பிடித்துக்கொண்டும் இருந்தார். நம் களப்புகளில் இரவில் வெளிச்சம் வைத்து மீன் குத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. ஜில் அளவெடுத்து, தூண்கள் 336 என்று குறித்துவைத்தார். ஐரோப்பாவுக்குத் தாங்கியைப் பற்றித் திரும்பத் தெரிய வந்தது இப்படித்தான்.

18ஆம் நூற்றாண்டில் ஒருமுறையும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருமுறையும் திருத்த வேலைகள் நடந்தன. ஆனால் அது பார்க்கப் போகிற இடமாகச் சரியாக மாறியது 1980களில். 1985இல் இஸ்தான்புல் மாநகரசபை துப்புரவைத் தொடங்கியது. வெளியே அள்ளிய சேறு 50,000 தொன் என்று கணக்குச் சொல்கிறார்கள். முன்பு சொன்ன அந்தப் படிந்த மண்தான். தண்ணீரைத் தெளிய வைத்ததற்குத் தாங்கி கொடுத்த விலை. அதுவரை உள்ளே போனவர்கள் தோணியில்தான் சுற்றினார்கள். துப்புரவுக்குப் பிறகு நடைபாதை போட்டு, 1987 செப்டெம்பர் 9ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

மெடூசாவும் மற்றக் கற்களும்

சேற்றை அள்ளியபோது வடமேற்கு மூலையில் இரண்டு தூண்களின் அடியில் இரண்டு பெரிய பளிங்குத் தலைகள் வெளிப்பட்டன. கிரேக்கப் புராணத்து மெடூசா. தலைமயிருக்குப் பதில் பாம்புகள், பார்த்தவர் கல்லாகிவிடுவார். ஒரு தலை பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மற்றது தலைகீழ். ஏன் என்று கேட்டால் வழிகாட்டிகள் விதம்விதமாகச் சொல்வார்கள்: அவள் பார்வையின் சக்தியை முறிக்க, தீய ஆவியை விரட்ட என்று. நம்பத்தக்க விளக்கம் சப்பென்று இருக்கும். அந்த இரண்டு தூணும் உயரம் காணவில்லை. அடியில் வைக்கக் கல் தேவைப்பட்டது. எங்கோ பழைய கட்டடத்தில் கழித்துப் போட்டது கிடைத்தது. எந்தப் பக்கம் வைத்தால் உயரம் சரியாக வருமோ அந்தப் பக்கம் வைத்தார்கள். தண்ணீருக்குள் மூழ்கப் போகிற கல்லின் முகம் எப்படி இருந்தால் மேசனுக்கு என்ன?

தூண்களும் அப்படித்தான். பெரும்பாலானவை வெவ்வேறு பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. கூர்ந்து பார்த்தால் பளிங்கின் நிறம் மாறும், உச்சியில் இருக்கிற செதுக்கு மாறும். சிலவற்றில் இலை விரித்த கொரிந்தியத் தலைப்பு, சிலவற்றில் வெறும் மொட்டைத் தலைப்பு. கண்ணீர்த்துளி வடிவத்தில் செதுக்கிய ஒரு தூண் எப்போதும் ஈரமாகவே நிற்கும். அதற்கு முன் படம் எடுக்கத் தள்ளுமுள்ளு.

பழைய கல்லைப் பெயர்த்துப் புதிதில் வைப்பது நமக்குத் தெரியாததல்ல. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பொறித்த கோவில் கல் கோட்டை வாசலில் இன்றைக்கும் நிற்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜஸ்டினியனின் மேசன்கள் செய்தது சிக்கனம். வழிபாட்டில் இருந்த கோவிலை உடைப்பது வேறு சாதி வேலை.

மெடூசாவைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் நெரிகிறது. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது கூரை. செங்கல் வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போவதையும், ஒவ்வொரு நாலு வளைவின் பாரமும் ஒரு தூணின் தலையில் வந்து இறங்குவதையும் கண்ணால் தொடர்ந்து பார்க்க முடியும். மேலே வீதியும் கட்டடங்களும் இருக்கும்போது 1,400 ஆண்டுகளுக்கு மேல் நின்ற கூரை அது.

ஆனால் அந்த ஊர் பெரிய நிலநடுக்கப் பிளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1999இல் அருகே இஸ்மித்தில் வந்த அதிர்ச்சியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். செங்கல் வளைவுக்கு அமுக்கம் பழக்கம், ஆட்டம் பழக்கமில்லை. அதனால் 2017இல் தொடங்கிய பெரிய திருத்த வேலையில் தூண்களுக்கு இடையே உருக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டிப் பலப்படுத்தினார்கள். 1980களில் போட்ட கனமான கொங்கிறீட் நடைபாதையை எடுத்துவிட்டு, தண்ணீருக்குக் கிட்டவாக இலேசான உருக்கு நடைபாதை வைத்தார்கள். 2022 யூலையில் திரும்பத் திறந்தார்கள். இப்போது உள்ளே இருப்பது முழங்கால் மட்டத்துக்கும் குறைவான தண்ணீர்தான். குடிப்பதற்கு அல்ல, தூண்களின் நிழல் விழ அவ்வளவு போதும். மாறி மாறி வரும் வண்ண விளக்குகளும், நடுநடுவே வைத்த நவீனச் சிற்பங்களும் சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அவை கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் படுகிறது.

மற்றத் தாங்கிகளுக்கு வேறு வேறு விதி. திறந்த தாங்கிகளில் ஏடியஸ் இன்று உதைபந்தாட்ட அரங்கு. பள்ளம் ஏற்கெனவே இருந்ததால் பார்வையாளர் படிகளுக்குத் தோண்ட வேண்டிய தேவை வரவில்லை. பசிலிக்காவிலிருந்து நடக்கிற தூரத்திலேயே தியோடோசியஸ் தாங்கி இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு, அதாவது பசிலிக்காவுக்கு மூத்தது; தூண்கள் 32 மட்டும்; 2018இல் பார்வைக்குத் திறந்தார்கள். கடற்படைத் துறைமுகத்துக்காரரான நமக்கு இத்தாலியில் இருக்கிற இன்னொன்று சுவையாக இருக்கும். நேப்பிள்ஸ் அருகே மிசெனம் துறைமுகத்தில் ரோமக் கடற்படை நின்றது. கப்பல் எத்தனை நாள் கடலில் நிற்கலாம் என்பதைப் பீப்பாயில் இருக்கிற நன்னீர்தான் தீர்மானிக்கும். அதற்காகப் பாறைக்குள் வெட்டிய தாங்கிக்குப் பிசினா மிராபிலிஸ் என்று பெயர். 48 தூண்கள், கொள்ளளவு 12,600 கன மீற்றர். சீனக்குடாத் தாங்கி ஒன்றைவிடச் சற்றே பெரிது. அதில் இப்போது தண்ணீர் இல்லை. அடித்தரையில் இறங்கி, ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற உயரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடக்கலாம்.